சட்டையின் இரண்டாவது பட்டன்

மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெயராஜின் குரல் வந்தது.

“முப்பத்தெட்டு புள்ளி நாலு.”

“முப்பத்தெட்டு புள்ளி நாலு” என்று குணபூசணி திருப்பிச் சொன்னாள். பிறகு தாளில் எழுதினாள்.

அதுதான் அவர்கள் வேலையின் வழக்கம். மரத்தின் பருமனை அளப்பவர் எண்ணைச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாயிலும் ஒரே எண் வந்தால்தான் தாளில் ஏறும். எழுதுபவரிடம் ஐந்து வருடத்துக்கு முந்தைய அளவும் இருக்கும். மரம் இளைத்துவிட்டதாகத் தெரிந்தாலோ, அளவுக்கு மீறிப் பருத்துவிட்டதாகத் தெரிந்தாலோ, ‘திரும்ப’ என்று சொல்லி மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும்.

குணபூசணி ‘திரும்ப’ என்று சொல்லிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. காதில் விழுந்த எண் வாய்வழியே வந்து பேனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவள் இருந்தாளா என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

“கோயில்ல ஐயர் சொல்றத திருப்பிச் சொல்ற மாதிரி சொல்றீங்கம்மா” என்றார் நாகையா. ஆபீஸ் லேண்ட்ரோவரை ஓட்டி வருவதும், வந்த இடத்தில் புதரை வெட்டி வழி செய்வதும், மரத்தில் பெயிண்ட் அடிப்பதும் அவர் வேலை. “எனக்கே தூக்கம் வருது. மரத்துக்கு வராதா?”

ஜெயராஜ் சிரித்தான். சிரித்துவிட்டு ஏதோ ஒரு பழைய மெட்டைச் சீட்டியடித்தபடி அடுத்த மரத்துக்கு நடந்தான்.

கணவனின் அந்தச் சீட்டிச் சத்தம்தான் குணபூசணிக்கு ஆகாது. மகள் தாரணி போய் இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. போன மழைக்காலத்தில் வந்த டெங்கி காய்ச்சல், நாலு வயதைக்கூடத் தொடவிடாமல் அவளைக் கொண்டுபோய்விட்டது. கருமாதி முடிந்த மறுவாரமே ஜெயராஜ் காட்டுக்கு வந்துவிட்டான். வந்த அன்றைக்கே சீட்டியும் வந்துவிட்டது.

இதுவும் போதாதென்று சைக்கிள். பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் படிக்கட்டு முனையில் தாரணியின் மூன்று சக்கரச் சைக்கிள் நின்றிருந்தது. ஒருநாள் குணபூசணி பாசாருக்குப் போய்விட்டு வருவதற்குள் அதைக் கீழ்வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டிருந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சைக்கிள் நின்ற இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரை தூசி படியாமல் வெளுத்திருந்தது. அவள் கீரையை எடுத்துப்போய்க் கழுவினாள்.

இப்போது புதிதாக ஒன்று. பகாங் மாநிலத்தில், ஜெராண்டுட்டுக்கு அந்தப் பக்கம் இதேபோல் மரம் அளக்கும் காடு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அங்கே மாற்றல் கேட்டு ஜெயராஜ் எழுதிப் போட்டிருந்தான், கிடைத்தும் விட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அடுத்த மாசம் போகணும். குடும்பத்தோட வந்தா ரெண்டு ரூம் வீடு தருவாங்களாம். தனியா வந்தா ஹாஸ்டல்ல ஒரு கட்டில். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்.”

“சரி.”

“எதுக்கு சரி?”

“நீங்க சொன்னதுக்கு.”

கூடப் போனால் அவளுக்கும் அங்கே எழுதும் வேலை கிடைக்கும். இல்லையென்றால் பெட்டாலிங் ஜெயாவில் அம்மா நேசம்மா இருக்கிறாள். “அந்தக் காட்டுக்க போய் என்ன செய்யப் போறாய் பிள்ளை? இங்க அறை சும்மாதானே கிடக்கு, வந்து இரு” என்று அம்மா போனில் சொல்லிவிட்டாள். யாழ்ப்பாணத்து ரயில்வே கிளார்க் வீட்டுப் பெண், கிள்ளான் எஸ்டேட் பையனைக் கட்டுகிறேன் என்று நின்றபோது இரண்டு வருடம் பேசாமல் இருந்த அம்மாதான். இப்போது வா என்று கூப்பிடுகிறாள்.

ஒரு கட்டில் போதும் என்று ஜெயராஜ் ஆபீஸில் சொல்லிவிட்டால் முடிந்தது. பிரிந்துபோகிறோம் என்று யாரும் யாரிடமும் சொல்லாமலே பிரிந்துவிடலாம். குணபூசணிக்கு அது வலிக்கக்கூட இல்லை. அதுதான் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

*

இதே காட்டில்தான் எல்லாம் தொடங்கியது. செலாயாங்கைத் தாண்டி ரவாங் போகும் வழியில், மலைச்சரிவில் இருக்கும் காடு. பத்து வருடத்துக்கு முன்பு, எண்பத்தொன்றில், ஆராய்ச்சிக்கென்று ஒரு பெரிய சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் அலுமினியத் தகட்டில் ஓர் எண். ஐந்து வருடத்துக்கு ஒரு சுற்று. எது வளர்ந்தது, எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்க வேண்டும். அளப்பவர்கள் கிழவர்களாகிச் செத்த பிறகும் வேறு ஆட்கள் வந்து மரங்களை அளந்துகொண்டே இருப்பார்கள் என்று ஆபீசர் முதல் நாளே சொன்னார்.

மரத்தைக் கண்ட இடத்தில் அளக்க முடியாது. தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். அதற்கென்று அந்த உயரத்துக்கு அறுத்த கோல் ஒன்று உண்டு. கோலை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, அதன் உச்சியில் அளந்து, அந்த இடத்திலேயே மஞ்சள் பெயிண்டில் வளையம் போட்டுவிட்டால் அடுத்த சுற்றுக்கு அதுவே அடையாளம்.

படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வந்திருந்த குணபூசணி, கோல் இல்லாமலே நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெயராஜைப் பார்த்துக் கோபப்பட்டாள்.

“கோல் எங்க?”

“இந்தா” என்று அவன் சட்டையின் இரண்டாவது பட்டனைத் தொட்டுக் காட்டினான்.

“விளையாடாதீங்க.”

“நீங்களே வெச்சுப் பாருங்க, மிஸ்.”

கோலைக் கொண்டுவந்து அவன் நெஞ்சுக்கு நேரே நிறுத்தினாள். கோலின் உச்சி பட்டனின் நடுவில் போய் நின்றது. ஒரு மயிரிழை கூடுதல் குறைச்சல் இல்லை. அவள் சிரித்துவிட்டாள். அட்டை கடித்து ரத்தம் வழிந்த காலோடு, நடுக்காட்டில் நின்றுகொண்டு அப்படிச் சிரித்த பிறகு வீட்டில் சொன்ன மாப்பிள்ளையை எங்கே கட்டுவது?

கல்யாணத்துக்குப் பிறகு, காட்டுக்கென்று வாங்கும் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு சடங்கு நடக்கும். ஜெயராஜைச் சுவரோரம் நிற்கவைத்து, கோலை நிறுத்தி, இரண்டாவது பட்டனை அறுத்துச் சரியான உயரத்தில் சிவப்பு நூலால் தைப்பாள். எண்பத்தாறில் இரண்டாவது சுற்று வந்தபோது அவள் வயிற்றில் தாரணி. அப்படித் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெயராஜ் சொன்னான்.

“அடுத்த சுத்துக்கு இவளும் வருவா. தகடு எடுத்துக் குடுக்க ஆளாச்சு.”

அடுத்த சுற்று வந்துவிட்டது. அவன் அதே பழைய சட்டைகள் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் இந்தத் தடவை புதிதாக எதையும் தைக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனார்கள். மாற்றல் விஷயத்தை மாமியார் பவுனம்மாளிடம் நேரில் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பத்து வீடு, கிராமத்துப் பழைய வீடு. சமையற்கட்டு வாசல் உயரம் குறைவு. அதில் ஜெயராஜ் தலையை இடித்துக்கொள்வது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. பவுனம்மாள் அந்த வாசல் நிலையின் மேல்கட்டையில் ஒரு பழைய துண்டைச் சுற்றிக் கட்டியே வைத்திருந்தாள்.

அன்றைக்கு அவன் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தான்.

“என்னடா, இன்னிக்கு டம்முனு சத்தத்தையே காணோம்?” என்றாள் பவுனம்மாள். “இருவது வருசமா குனிஞ்சு போடா, குனிஞ்சு போடான்னு கத்தினேன். இப்பதான் மண்டையில ஏறிச்சு போல.”

ஜெயராஜ் லேசாகச் சிரித்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தான்.

பவுனம்மாள் கறியைக் கிளறிக்கொண்டே குரலைத் தணித்தாள். “நீயும் போறியாம்மா அவன்கூட?”

“தெரியல அத்தை.”

“அவனக் கேட்டா அவளக் கேளுங்கறான். உன்னக் கேட்டா தெரியலங்கற. நான் யாரத்தான் கேக்கறது? பக்கத்து வீட்டு சீனனைப் போய்க் கேக்கவா?”

குணபூசணி வெங்காயம் உரித்தாள். வெங்காயத்துக்குக்கூடக் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

பவுனம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, “போ, போயி அவன் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரு. ஒண்ணும் பேச வேணாம்” என்றாள்.

போய் உட்கார்ந்தாள். இருவரும் டிவியைப் பார்த்தார்கள்.

*

புதன்கிழமை காலையில், செலாயாங் பாசாருக்கு எதிரே இருக்கும் கடையில் வழக்கம்போல் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தியபோது நாகையா சொன்னார்.

“ஆபீஸ்ல நேத்து ஒரே சிரிப்பு. ஓடைப் பக்கம் அளந்தோம்ல, அந்த வரிசையில எல்லா மரமும் கன்னாபின்னான்னு பருத்திருக்காம். யாரு ராத்திரி வந்து உரம் போட்டதுன்னு ஆபீசர் கேக்கறாரு. மறுபடி அளக்கணுமாம்.”

“நாடா இழுபட்டிருக்கும்” என்றான் ஜெயராஜ்.

“மேல்வரிசைய அதே நாடாவுலதான அளந்தோம்? அதெல்லாம் ஒழுங்கா இருக்காம்லா.”

குணபூசணி பையிலிருந்து தாள்களை எடுத்தாள். இடப்பக்கம் பழைய அளவு, வலப்பக்கம் அவளே எழுதிய புது அளவு. ஒவ்வொரு வரியிலும் அவள் ‘திரும்ப’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்த பழைய எண்ணை அவள் கண் பார்க்கவே இல்லை.

“தப்பு என்னோடதுதான்” என்றாள்.

“அளந்தது நான்” என்றான் ஜெயராஜ்.

“சண்ட போடாம சாப்பிடுங்க, குழம்பு ஆறுது” என்றார் நாகையா.

ஓடைச் சரிவு எப்போதும் ஈரமாகவே இருக்கும் இடம். பாசி ஏறி, பட்டை உரிந்து, போன சுற்றில் போட்ட பெயிண்ட் வளையங்கள் அநேகமாக எல்லா மரத்திலும் அழிந்துபோயிருந்தன. மேல்வரிசையில் வளையம் தெளிவாகத் தெரிந்ததால் அதன் மேலேயே நாடாவைச் சுற்றிவிட்டார்கள். இங்கே வளையம் இல்லை. ஜெயராஜ் வழக்கம்போல் மரத்தோடு நெஞ்சை ஒட்டி நின்று, பட்டன் படும் இடத்தில் விரல் வைத்து அளந்திருந்தான்.

முதல் மரம் ஒரு கெருயிங். அதன் உடம்பைத் தடித்த கொடி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. இந்தச் சுற்றில் முதலில் வந்தபோது கொடிக்கு அடியிலேயே நாடாவை நுழைத்து அளந்திருந்தார்கள்.

“இத வெட்டிட்டே அளப்போம்” என்று நாகையா பாராங் கத்தியால் கொடியை வெட்டி இழுத்தார். கொடி கையோடு வந்தது. அது மூடியிருந்த இடத்தில், நேற்றுப் போட்டதுபோல் மஞ்சள் வளையம் பளிச்சென்று தெரிந்தது.

ஜெயராஜ் பழக்கத்தில் மரத்தோடு போய் நின்றான்.

குணபூசணி பக்கவாட்டில் நின்றிருந்தாள். சிவப்பு நூல் போட்ட பட்டன் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பட்டன் வளையத்தின் மேல் இல்லை. மூன்று விரல் அளவு கீழே, மரம் இன்னும் பருத்திருக்கும் இடத்தில் இருந்தது.

“அசையாம நில்லுங்க” என்றாள்.

“ஏன்? அட்டையா?”

“பட்டன் கீழ இருக்கு.”

நாகையா எட்டிப் பார்த்தார். “வேரோரத்துல மண்ணு அரிச்சிருக்கும்மா. ஓடைதானே. தரை எறங்கிருச்சுன்னா வளையம் மேல போன மாதிரிதான் தெரியும்.”

“கோலைக் கொண்டாங்கண்ணே.”

கோல் லேண்ட்ரோவருக்குள் இருந்தது. நாகையா அதில் தன் மழைச்சட்டையைக் காயப்போட்டிருந்தார். அவர் மேலேறிப் போய் எடுத்து வரும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். கோலை மரத்தோடு நிறுத்தியதும் அதன் உச்சி வளையத்தின் நடுவில் போய் நின்றது. தரை எங்கேயும் இறங்கவில்லை.

“சட்டை இழுபட்டுத் தொங்குதோ?” என்றார் நாகையா, கொஞ்சம் சந்தேகமாக.

குணபூசணி சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். தையல் தோள்பட்டையில் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது. அவள் தைத்த பட்டனும் அவள் தைத்த இடத்திலேயே இருந்தது. மரம் சரியாக இருந்தது. தரை சரியாக இருந்தது. சட்டையும் சரியாக இருந்தது.

“நிமிர்ந்து நில்லுங்க” என்றாள்.

“நிமிர்ந்துதான் நிக்கிறேன், குணா.”

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிமிர்ந்து நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். சமையற்கட்டு வாசலில் அன்றைக்குக் கேட்காமல் போன சத்தம் அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

நாகையா இரண்டு பேரையும் பார்த்தார். “பெயிண்ட் டின்ன மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேடேறினார். பெயிண்ட் டின் அவர் கையில்தான் இருந்தது.

குணபூசணி கணவனின் முதுகில் கை வைத்தாள். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு வளைவு. தாரணியைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் தெருவெல்லாம் நடந்த தோள். உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள். பட்டன் மேலே ஏறியது; ஏறி வளையத்தைத் தொட்டது. கையை எடுத்தாள். பட்டன் தானாகவே இறங்கி மறுபடி மூன்று விரல் கீழே போய் நின்றது.

“வலிக்குதா?”

“இல்ல. பாரமா இருக்கு, அவ்வளவுதான்.”

“எப்பலேருந்து?”

அவன் நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டான்.

“அந்த சைக்கிள” என்றான், மரத்தைப் பார்த்தே. “மாடியேறும்போதெல்லாம் அது அங்க நிக்குது. என்னால ஏற முடியல. அதான் குடுத்துட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா? நீ நம்பரத் தவிர வேற எதத் திருப்பிச் சொன்ன?”

அதில் கோபம் இல்லை. வடிகட்டிய தேயிலைச் சக்கையைப்போல் அந்தக் குரலில் ஒன்றுமே மிச்சம் இல்லை. அவளுடைய குரலும் இத்தனை மாதமாக இப்படித்தான் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரே வீட்டில் ஒரே மாதிரி இருந்துகொண்டு, ஆளுக்கொரு பக்கமாக நின்றிருக்கிறார்கள். நடுவில் ஒரு மரம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கை மட்டும் மறுபடியும் போய் அவன் முதுகில் இருந்தது. எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

*

நாகையா வரும்போது பலமாக இருமிக்கொண்டே வந்தார்.

வரிசை முழுவதையும் திரும்ப அளந்தார்கள். இந்தத் தடவை கோலை குணபூசணியே பிடித்தாள். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் இலைக்குப்பையை ஒதுக்கிவிட்டு, கோலை நிறுத்தி, அதன் உச்சியில் விரல் வைத்துக் காட்டினாள். ஜெயராஜ் நாடாவைச் சுற்றினான். நாகையா வளையம் போட்டார்.

“நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு.”

அவள் பழைய எண்ணைப் பார்த்தாள். “திரும்ப.”

“ஏன்?”

“நாடா அந்தப் பக்கம் பலகை வேர் மேல ஏறியிருக்கு. பாருங்க.”

அவன் சுற்றிப்போய்ப் பார்த்தான். ஏறித்தான் இருந்தது. இறக்கிவிட்டு மறுபடி அளந்து சொன்னான். அவள் திருப்பிச் சொல்லி எழுதினாள்.

“அம்மா முழிச்சிக்கிட்டாங்கடா சாமி” என்றார் நாகையா. “இனிமே சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குப் போன மாதிரிதான்.”

மத்தியானம் ஓடைக் கல்லில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது நாகையா, யாரையும் பார்க்காமல், பொதுவாகக் கேட்டார்.

“ஜெராண்டுட்டுக்கு சாமான் ஏத்தணும்ல. நம்ம மச்சான் பாசார்ல லோரி வெச்சிருக்கான். அவன்கிட்ட இன்னிக்கே சொல்லி வெக்கணும். ஒரு பொட்டியும் பாயும்னா சின்ன லோரி போதும். கட்டில், பீரோன்னா பெருசு வேணும். எதச் சொல்றது?”

ஜெயராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “சின்…” என்று தொடங்கினான்.

“பெரிய லோரியே சொல்லுங்கண்ணே” என்றாள் குணபூசணி. “தையல் மெஷின் இருக்கு.”

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே தெரிந்தது. மனதில் சந்தோஷம் என்று ஒன்றும் வரவில்லை. அங்கே போனால் சரியாகிவிடும் என்ற எண்ணமும் இல்லை. இறங்கிப்போன பட்டனை மேலே தைத்துவிட்டால் போதும் என்றும் தோன்றவில்லை. பட்டன் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் அந்த முதுகை யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மாவின் வீட்டு அறையிலிருந்து அது தெரியாது.

“அங்க மழை ஜாஸ்தின்னு சொன்னாங்க” என்றான் ஜெயராஜ், சோற்றைப் பார்த்தே.

“இங்க மட்டும் கம்மியா?”

அவன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு தன் பொட்டலத்தில் இருந்த பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து அவள் சோற்றின் மேல் வைத்தான். கல்யாணமான புதிதில் செய்வது. அவள் முள்ளை எடுத்துப்போட்டுவிட்டு அதைச் சாப்பிட்டாள். மீனில் உப்பு கூடியிருந்தது. உப்பு கூடியிருந்தது என்பது தெரிந்தது.

கை கழுவிவிட்டு மிச்சமிருந்த மரங்களுக்குப் போனார்கள். அவன் நாடாவைச் சுற்றிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனான். அவள் கோலைப் பிடித்தபடி காத்திருந்தாள். எண் வரவில்லை. சீட்டியும் வரவில்லை. மூச்சை இழுத்து விடும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு தடவை, மூன்று தடவை.

நாகையா ஏதோ கேட்க வாயெடுத்தார். குணபூசணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அவசரம் ஒன்றும் இல்லை. மரம் எங்கேயும் போய்விடப் போவதில்லை. அவள் பேனாவை எழுதாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் குரல் வந்தது. கரகரத்து, பாதி உடைந்து வந்தது.

“இருவத்தேழு புள்ளி ஒண்ணு.”

அவள் பழைய அளவைப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் ஒரு மரம் எவ்வளவு வளருமோ அவ்வளவு வளர்ந்திருந்தது.

“இருவத்தேழு புள்ளி ஒண்ணு” என்றாள். “சரியா இருக்குங்க.”